ஐந்தாம் நாள் மறைந்த புள்ளிகள்: ஒரு க்ளவுன் மீன் ஜோடியின் வெண்புள்ளி நோய்

இந்தக் குறிப்பு என் சொந்தத் தொட்டியில் நடந்ததைப் பற்றியது. மீன்கள் என்னுடையவை, தவறுகளும் என்னுடையவை. முதல் புள்ளியைப் பார்த்த நாளை 1 என்று வைத்து, நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு முன்பு கிடையாது. 13ஆம் நாள் வாங்கிய திட்டுக்குப் பிறகு வந்தது. அதற்கு முந்தைய நாட்களை நினைவிலிருந்தும் செல்போனில் எடுத்த படங்களின் நேரத்திலிருந்தும் நிரப்பினேன்.

தொட்டி 200 லிட்டர், ஓடத் தொடங்கி 14 மாதம் ஆகியிருந்தது. லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பாறை), மெல்லிய மணல், சில மென்பவளங்கள், ஒரு கடற்சாமந்தி. மீன்கள் நான்கு: ஒரு ஜோடி ஓசெல்லாரிஸ் க்ளவுன், ஒரு ராயல் கிராமா, மணலில் குழி தோண்டும் பிஸ்டல் இறாலோடு ஒரே குழியில் குடியிருக்கும் ஒரு கோபி. நத்தைகளும், மீனின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும் ஒரு க்ளீனர் இறாலும் உண்டு. உப்புத்தன்மை (ஒப்படர்த்தி அளவில்) 1.025, வெப்பம் 26 டிகிரி, அமோனியா பூஜ்யம். ஐந்து மாதமாகப் புது மீன் எதுவும் உள்ளே வரவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை முதல் இரண்டு வாரம் ஏமாற்றியது.

முதல் சுற்று

1ஆம் நாள் மாலை, பெண் க்ளவுனின் மார்புத் துடுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். உப்புத் தூள் ஒட்டியதுபோல் இருந்தன. மணல் துகளாக இருக்கும், இல்லையென்றால் ஃபில்டரிலிருந்து வரும் நுண்குமிழ் ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஏழு. ஆண் மீனிலும் இரண்டு.

க்ளவுன் மீனில் புள்ளி எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்த வெண்புள்ளி கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சுத் தோலிலும் நேர்வெளிச்சத்தில் பல புள்ளிகள் தப்பிவிடும். நான் பிறகு பழகிக்கொண்ட முறை: தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கண்ணாடிபோல் இருக்கும் மார்புத் துடுப்பையும் மற்றத் துடுப்புகளின் கறுப்பு விளிம்பையும் மட்டும் பார்ப்பது. அங்கே தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் உடம்பில் எனக்குத் தெரியாத இன்னும் சில இருக்கும் என்று வைத்துக்கொள்வேன்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் நன்னீர் மீனிலிருந்து கடல்மீனுக்கு வந்தவன். நன்னீர் மீனுக்கு வெண்புள்ளி வந்தால் ஹீட்டரை ஏற்றுவோம். 30 டிகிரியைத் தாண்டினால் அந்த ஒட்டுண்ணி பெருக முடியாமல் திணறும். அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் 30க்கு ஏற்றினேன். பூண்டுச் சாறில் ஊறவைத்த தீனி போட்டேன். 4ஆம் நாள் புள்ளிகள் குறைந்தன. 5ஆம் நாள் ஒன்றுகூட இல்லை. மீன்கள் கண்ணாடிக்கு வந்து தீனி கேட்டன. பூண்டு வேலை செய்கிறது என்று இரண்டு பேருக்குச் சொல்லவும் சொல்லிவிட்டேன்.

கடல் வெண்புள்ளிக்கும் நன்னீர் வெண்புள்ளிக்கும் பெயரும் தோற்றமும்தான் ஒற்றுமை. இரண்டும் சிலியேட் வகை (நுண்மயிர்களால் நீந்தும்) ஒற்றைச்செல் உயிரிகள் என்றாலும் நெருங்கிய உறவு கிடையாது. கடலில் வருவதன் பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். 30 டிகிரி அதற்கு ஒரு தொந்தரவே இல்லை. சூடு ஏறினால் அதன் சுழற்சி இன்னும் வேகமாகத்தான் ஓடும். கூடவே, சூடான உப்பு நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்கு மூச்சு விட இருக்கும் வாய்ப்பையும் நான் குறைத்திருக்கிறேன்.

13ஆம் நாள்

காலையில் விளக்கு போட்டதும் பார்த்தேன். பெண் மீனில் முப்பதுக்கு மேல், ஆணில் இருபது போல. கிராமாவின் ஊதாத் தலையில் இரண்டே இரண்டு. கோபியில் ஒன்றும் இல்லை. பெண் மீன் பாறையில் பக்கவாட்டாக உரசிக்கொண்டு ஓடியது. செவுள் அசைவை எண்ணினேன்: நிமிடத்துக்கு 130. நல்ல நாளில் எடுத்த பழைய வீடியோ ஒன்றைப் போட்டு எண்ணினால் 76.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அக்கா ஒருவர் எனக்கு முன்பே பல வருஷமாகக் கடல்மீன் வளர்ப்பவர். போனில் படங்களை அனுப்பிவிட்டு, "அக்கா, இது வெல்வெட்டா, இக்கா? மொத்தம் ஐம்பதுக்கு மேல இருக்கு" என்றேன். இக் என்பது வெண்புள்ளிக்கு இன்னொரு பெயர்; வெல்வெட் அதைப்போலவே தெரியும் வேறொரு நோய்.

"எத்தனைன்னு நான் கேக்கலையே. எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, மறுபடி எப்ப வந்துச்சு? அதைச் சொல்லு."

சொன்னேன். முதல் நாள் வந்தது, ஐந்தாம் நாள் போனது, பதின்மூன்றாம் நாள் பல மடங்காகத் திரும்பியது.

"போச்சுன்னா எங்க போச்சுன்னு யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. புள்ளி மறைந்தால் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். "இதையெல்லாம் எழுதி வைக்க மாட்டியா நீ?" என்று அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பிறகு அவர் பொறுமையாக விளக்கியதை, நானே படித்துச் சரிபார்த்ததோடு சேர்த்து இங்கே தருகிறேன். இந்த ஆய்வில் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அங்கே 3 முதல் 7 நாள் இருக்கும். வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கும், பெரும்பாலும் இருட்டில். சில மணி நேரம் தரையில் ஊர்ந்து ஓர் இடம் பார்த்து, சுற்றிலும் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். பாறை, மணல், கண்ணாடி, நத்தை ஓடு, பவளத்தின் அடிக்கல் எதுவானாலும் சரி. கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து 200 வரையும், சில சமயம் அதற்கு மேலும் குஞ்சுகளாகிறது. பெரும்பாலான கூடுகள் 3 முதல் 28 நாளுக்குள் திறந்துவிடும். திறப்பதும் அநேகமாகப் பின்னிரவிலும் விடியலிலும்தான். அந்த நேரத்தில் மீன்கள் தரைக்குப் பக்கத்தில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே வந்த நீந்தும் குஞ்சுக்கு ஓரிரு நாள்தான் ஆயுள், அதிலும் தொற்றும் வேகம் முதல் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

அப்படியென்றால் 5ஆம் நாள் நான் கொண்டாடியது, ஒட்டுண்ணிகள் சாப்பிட்டு முடித்து இறங்கிப்போனதை. 5 முதல் 12 வரை மீன்கள் சுத்தமாக இருந்த நாட்களில் நோய் தொட்டியின் தரையில் பெருகிக்கொண்டிருந்தது.

வேறு என்னவாக இருக்கலாம்?

கால ஒழுங்கு ஒன்றே கிரிப்டோகேரியானைப் பலமாகச் சுட்டியது. ஆனாலும் மருந்து தேர்வதற்கு முன் மற்றவற்றைக் கழிக்க வேண்டும். மருந்துகள் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. தவறாகத் தேர்ந்தால் இழக்கும் இரண்டு நாள் மீனின் உயிராக இருக்கலாம்.

க்ளவுன் மீன் வளர்ப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது புரூக்லினெல்லாவுக்கு. இதற்குக் க்ளவுன் மீன் நோய் என்றே பெயர் உண்டு. கடலில் பிடித்து வந்த க்ளவுன்களில் அதிகம். அதில் தனித்தனிப் புள்ளி வராது. உடம்பின் மேல் பால் ஆடைபோல் கோழை படர்ந்து, இழை இழையாக உரிந்து தொங்கும். ஓரிரு நாளில் கொன்றுவிடும். காப்பர் (செம்பு) மருந்து அதன்மேல் வேலை செய்யாது. ஃபார்மலின் குளியல் வேண்டும். என் மீன்களின் தோல் புள்ளிகளைத் தவிர்த்து மினுமினுப்பாகவே இருந்தது, நோயும் 13 நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. புரூக்லினெல்லா இவ்வளவு பொறுமை காட்டாது. கழித்தேன்.

வெல்வெட் எனப்படும் அமைலூடினியம்தான் கடினமான போட்டி. அதன் புள்ளிகள் இன்னும் நுணுக்கமானவை, உப்பைவிட மாவு தூவியதுபோல், சாய்ந்த வெளிச்சத்தில் பொன்னிறச் சாயலோடு தெரியும். மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கும், பவர்ஹெட்டின் (நீரோட்டம் தரும் பம்பின்) வேகத்துக்கு எதிரே போய் நிற்கும், தீனியை விடும். செவுளைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால், உடம்பில் தூள் தெரிவதற்கு முன்பே மீன் செத்துப்போவது உண்டு. என் மீன்கள் இன்னும் சாப்பிட்டன, எண்ணக்கூடிய புள்ளிகளாகவே இருந்தன. ஆனால் 130 என்ற மூச்சு எண்ணிக்கை உறுத்தியது. வெல்வெட்டை முழுதாகக் கழிக்க மனம் வரவில்லை; மருந்து தேர்வில் அதற்கும் இடம் வைத்தேன்.

லிம்ஃபோசிஸ்டிஸ் ஒரு வைரஸ். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மொட்டுப்போல் ஒழுங்கற்ற கட்டியாக வரும், வாரக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும், நல்ல தீனியும் நல்ல நீரும் இருந்தால் தானாகவே மறையும். ஐந்து நாளில் வந்து போகிற குணம் அதற்குக் கிடையாது. செவுளில் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்கப் பெண் மீனை மட்டும் ஐந்து நிமிடம் நன்னீரில் விட்டேன். வெப்பமும் பிஎச்சும் தொட்டிக்குச் சமமாக வைத்து, ஏர் ஸ்டோன் போட்டு, பக்கத்திலேயே நின்றேன். தட்டைப்புழு இருந்தால் வெளுத்து, சிறு எள்போல் அடியில் விழும். எதுவும் விழவில்லை. நன்னீர்க் குளியல் கிரிப்டோகேரியானைக் கொல்லாது, அது தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே இதைச் சிகிச்சை என்று எண்ணவில்லை, சோதனை மட்டும்.

அன்று மாலை அக்கா மைக்ராஸ்கோப்போடு வந்தார். ஈரக் கையில் மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தால் புள்ளி இருந்த இடத்தில் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரு மெல்லிய இழுப்பு. தொட்டி நீர் ஒரு சொட்டு விட்டு உடனே பார்த்தோம். குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரிந்தது: உருண்டையான, வெளிச்சம் ஊடுருவாத கருமையான ஒன்று, மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. நன்னீர் இனத்தில் குதிரை லாடம் போன்ற உட்கரு தெளிவாகத் தெரியும். இதிலோ உள்ளே எதுவும் தெரியாது. கிரிப்டோகேரியான் என்ற பெயருக்கே "மறைந்த உட்கரு" என்றுதான் பொருள். 1951-ல் பெயர் வைத்தவர் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும். வெல்வெட் என்றால் சுற்றாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரிக்காய் வடிவங்கள் வந்திருக்கும். அந்தக் கண்ணாடியில் அவை இல்லை.

எங்கிருந்து வந்தது?

புது மீன் வராதபோது எப்படி? 1ஆம் நாளுக்கு ஒன்பது நாள் முன்பு இரண்டு டர்போ நத்தைகளையும், ஒரு சிறு கல்லோடு ஒட்டிய மென்பவளத்தையும் நேரே தொட்டியில் இறக்கியிருந்தேன். மீன் இருந்த நீரிலிருந்து வந்தவை. நத்தைக்கு இந்த நோய் வராது, பவளத்துக்கும் வராது. ஆனால் ஓட்டிலும் கல்லிலும் கூடு ஒட்டிக்கொண்டு வர எந்தத் தடையும் இல்லை. மீனை மட்டும் தனிமைப்படுத்துவது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது போலத்தான் ஆகியிருக்கிறது.

எந்த மருந்து?

தொட்டியிலேயே போடக்கூடிய, பவளத்துக்குக் கெடுதல் செய்யாத மருந்து என்று விற்கப்படுபவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீந்தும் குஞ்சைக் கொல்லும் எதுவும், அதே அளவு மென்மையான மற்ற நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. அப்படி விட்டுவைக்கிறது என்றால் குஞ்சையும் விட்டுவைக்கிறது என்று அர்த்தம். யுவி விளக்கு தன் வழியாகப் போகும் குஞ்சுகளைக் குறைக்கும், ஒழிக்காது. க்ளீனர் இறாலும் அப்படித்தான். தோலுக்கு அடியில் இருப்பதை அதனால் எடுக்க முடியாது.

நம்பக்கூடிய வழிகள் மூன்று. ஒன்று, உப்பைக் குறைப்பது: 1.009 அளவில் 30 நாள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் துல்லியமாக இருக்க வேண்டும், பிஎச் இறங்கிக்கொண்டே இருக்கும், வெல்வெட்டை அது தொடவும் தொடாது. இரண்டு, தொட்டி மாற்றும் முறை: 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முற்றிலும் காய்ந்த, சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது, நான்கு முறை, 12 நாள். இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டித் திறப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. மருந்தே இல்லாத, எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் இது. கிரிப்டோகேரியான் மட்டும்தான் என்று நூறு சதவீதம் உறுதியாக இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். மூன்று, காப்பர். நீந்தும் குஞ்சைக் கொல்லும், வெல்வெட்டையும் பிடிக்கும். ஸ்லைடில் வெல்வெட் இல்லை என்றாலும், நாங்கள் தோலை மட்டும்தான் சுரண்டினோம், செவுளைத் தொடவில்லை. அதனால் காப்பர்.

காப்பரை முதன்மைத் தொட்டியில் ஒருபோதும் போட முடியாது. நத்தை, இறால், பவளம், கடற்சாமந்தி எல்லாம் சாகும். பாறையும் மணலும் காப்பரை உறிஞ்சி அளவை நிலையில்லாமல் ஆக்கும். ஆகவே மீன்கள்தான் வெளியே வர வேண்டும். எல்லா மீன்களும்.

இங்கேதான் சோம்பல் குறுக்கே வந்தது. க்ளவுன்கள் இரண்டும் பத்து நிமிடத்தில் வலைக்குள் வந்துவிட்டன. கிராமா அரை மணி நேரம். கோபியோ இறாலின் குழிக்குள் போய்விட்டது. அதன் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. இதை மட்டும் விட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "விடு. ஆனா அப்ப மத்த மூணையும் எடுக்காத, வீண் வேலை" என்றார். ஒரே ஒரு மீன் இருந்தாலும், அது நோய் காட்டாமலே சுழற்சியை ஓட்டிக்கொண்டிருக்கும். பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்து, பவளங்களைத் தட்டில் அடுக்கி, மூன்று மணி நேரம் கழித்து, 14ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்குக் கோபி வலையில் விழுந்தது. குழி இடிந்ததில் பிஸ்டல் இறால் என் விரலைப் பார்த்துச் சொடுக்கிக்கொண்டே இருந்தது. அதன் கோபம் நியாயமானதுதான்.

சிகிச்சைத் தொட்டி

60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுகள், ஒரு ஹீட்டர், ஏர் ஸ்டோன், மூடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இந்தத் தொட்டிக்கும் பழைய தொட்டிக்கும் தனித்தனி வலை, தனித்தனிக் குழாய். உண்மையில் எத்தனை லிட்டர் நீர் ஊற்றினேன் என்று ஜக்கால் அளந்தேன்: 52. மருந்தை 60க்குக் கணக்குப் போட்டிருந்தால் 15 சதவீதம் கூடிப்போயிருக்கும்.

நான் பயன்படுத்தியது கீலேட்டட் காப்பர், அதாவது வேறொரு மூலக்கூறோடு பிணைத்து வைத்த காப்பர். இலக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. காப்பர் சல்பேட் போன்ற அயனி வகைக்குச் சரியான அளவு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் மீன் சாகும், அல்லது நோய் சாகாது. சொட்டுச் சோதனைக் குப்பியின் நிறத்தை வைத்து இரண்டுக்கும் நடுவே ஊகிப்பது எனக்குக் கைவரவில்லை; டிஜிட்டல் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். மூன்று நாளில் சிறிது சிறிதாக ஏற்றி 17ஆம் நாள் 2.0க்குக் கொண்டுவந்தேன்.

15ஆம் நாள் கிராமா செத்துப்போனது. காப்பர் இன்னும் 0.8 தான். உடம்பில் இரண்டே புள்ளிகள் இருந்த மீன், கோபிக்கு அடுத்தபடி நோய் மிகவும் குறைவு என்று நான் எண்ணியிருந்த மீன். செத்து கொஞ்ச நேரத்திலேயே அக்கா செவுளிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஸ்லைடில் வைத்தார். ஒரே பார்வைப் பரப்பில் ஐந்தாறு கறுப்பு உருண்டைகள். செவுள் இழைகளின் நுனிகள் வீங்கி, கோழையில் மூழ்கியிருந்தன. நோயின் கடுமையைத் தோலிலிருந்து அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம். அமைலூடினியம் செவுளிலும் இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. தொட்டி மாற்றும் முறையையே எடுத்திருக்கலாம். ஆனால் இரண்டாம் தொட்டி கையில் இல்லை, காப்பரும் ஏறத் தொடங்கிவிட்டது. அப்படியே தொடர்ந்தேன்.

16, 17 ஆகிய நாட்களில் ஆண் மீனில் புதுப் புள்ளிகள் தெரிந்தன. மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து அளவைக் கூட்டத் தோன்றும் தருணம் இது. கூட்டக் கூடாது. தோலுக்கு அடியில் இருப்பதைக் காப்பர் எட்டாது. பழைய தொட்டியில் தொற்றியவை இப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தன. அவை சாப்பிட்டு இறங்கட்டும், அவற்றின் குஞ்சுகளுக்குத்தான் காப்பர் காத்திருக்கிறது. 20ஆம் நாள் கடைசிப் புள்ளி போனது.

இதற்கிடையே நான் செய்த இரண்டாவது பெரிய தவறு. 19ஆம் நாள் அமோனியா ஏறியது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறட்டும் என்று ஸ்பாஞ்சைப் பழைய தொட்டியின் சம்ப்பில் (ஃபில்டர் இருக்கும் துணைத் தொட்டியில்) நான்கு நாள்தான் ஊறப்போட்டிருந்தேன், அதுவும் 5ஆம் நாளுக்கு முந்தைய பயத்தில், போதவில்லை. கடல்நீரின் பிஎச் 8.1, 8.2 என்று இருப்பதால் அமோனியாவின் நச்சு நன்னீரைவிட அதிகம். அலமாரியில் அமோனியாவைக் கட்டும் திரவம் ஒன்று இருந்தது. குப்பியைத் திறந்துவிட்டு நல்லவேளையாகச் சீட்டைப் படித்தேன். அந்த வகைத் திரவங்கள் கீலேட்டட் காப்பரோடு வினைபுரிந்து காப்பரைத் திடீரென்று நச்சாக்கிவிடக்கூடும். மூடி வைத்துவிட்டு, 30 சதவீத நீரை மாற்றினேன். சரியான முடிவுதான். ஆனால் புதிதாக ஊற்றிய நீரில் காப்பர் கலக்கவில்லை. மறுநாள் காலை மீட்டர் 1.4 காட்டியது.

ஓர் இரவுதானே என்று மனம் பேரம் பேசியது. ஆனால் அந்த இரவில் ஒரு கூடு திறந்திருந்தால்? மீண்டும் 2.0க்கு ஏற்றிய 21ஆம் நாளை முதல் நாளாக வைத்து காப்பர் இறங்காமல் இருக்க வேண்டிய 30 நாளைத் திரும்ப எண்ணத் தொடங்கினேன். அதன் பிறகு மாற்று நீரை முந்தின நாளே வாளியில் கலந்து, அதே காப்பர் அளவுக்குக் கொண்டுவந்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் ஊற்றினேன்.

தீனி விஷயம்: காப்பர் ஏறும் நாட்களில் மீன்கள் சாப்பிட மறுப்பது வழக்கம். ஆண் க்ளவுன் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. உயிருள்ள ஆர்ட்டீமியாவை (நுண்ணிய உப்புநீர் இறாலை) போட்டதும் இறங்கி வந்தது. வெறும் தொட்டியில் பெண் மீன் ஆணைத் துரத்தியது. க்ளவுன் கூட்டத்தில் எல்லாரும் ஆணாகத்தான் தொடங்குவார்கள், பெரியது பெண்ணாகும். அந்த அதிகாரம் இந்தச் சின்னத் தொட்டியில் இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. பிரித்து வைத்தால் திரும்பச் சேர்க்கும்போது சண்டை வரும் என்பதால் இன்னும் மூன்று குழாய்த் துண்டுகளைப் போட்டதோடு சரி.

51ஆம் நாள் காப்பரை நிறுத்தி, கார்பனும் நீர் மாற்றமும் கொண்டு வெளியேற்றினேன்.

காலித் தொட்டி

பெரிய தொட்டியில் 14ஆம் நாளிலிருந்து மீன் கிடையாது. 76 நாள் காலியாக விட முடிவு செய்தேன். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்தில் திறந்துவிடும்போது ஏன் 76? குளிர்ந்த நீரில் ஒரு கூடு 72 நாள் கழித்துத் திறந்தது பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் பாதுகாப்பு. 27 டிகிரியில் வைத்திருக்கும் தொட்டிக்கு இவ்வளவு தேவையில்லை என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. கிராமாவுக்குப் பிறகு எனக்கு அந்த விவாதத்தில் ஆர்வம் இல்லை.

மீன் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொள்வது எளிது. இறால்களுக்கு வாரம் இரண்டு முறை சிறிது தீனி, வழக்கமான நீர் மாற்றம். கஷ்டம் வேறு வகை: 60 நாளில் தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது, மீன்களும் காப்பர் இல்லாத நீரில் அவ்வளவு நன்றாக இருந்தன. சேர்த்துவிட்டால் என்ன என்று தினமும் தோன்றியது. காப்பர் நீங்கிய பிறகு மீன்களைப் புள்ளி இல்லாமல் கவனிக்கும் நாட்களும் தேவை. ஒருமுறை தாக்கப்பட்ட மீனுக்குச் சில மாதம் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். அது நோயை ஒழிக்காமல் மறைத்து வைக்கவும் கூடும். காப்பர் இல்லாமல் அந்த 39 நாளும் டார்ச்சோடு உட்கார்ந்தேன்.

90ஆம் நாள் மூன்றையும் திரும்ப விட்டேன். க்ளவுன்கள் கடற்சாமந்தியை அடையாளமே தெரியாததுபோல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு நாள் கழித்து, ஓரத்தில் உரசி உரசிப் பழகி, உள்ளே போய்ப் படுத்தன. கோபிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. இருபது நிமிடத்தில் இறாலின் புதுக் குழியைக் கண்டுபிடித்து வாசலில் காவலுக்கு நின்றது.

இப்போது நத்தை, பவளம், பாறைத் துண்டு எது வந்தாலும் மீன் இல்லாத ஒரு சிறு தொட்டியில் அதே 76 நாள் இருக்கும். மூடியில் தேதி எழுதி ஒட்டுகிறேன்.

104ஆம் நாள் காலை 10.20க்குப் பெண் மீனின் மார்புத் துடுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. வயிற்றைப் பிசைந்தது. அக்காவுக்குப் போன் போடக் கையெடுத்து, வைத்துவிட்டு, நேரத்தை மட்டும் எழுதினேன். 11 மணிக்கு அதே இடத்தில் இருந்தது. 12.40க்குப் பார்த்தபோது இல்லை. மூன்று நாளுக்குக் குறைந்து கிரிப்டோகேரியான் இறங்காது. நோட்டில் "மணல்" என்று எழுதிவிட்டுத் தீனி போடப் போனேன்.